புல்லில் உட்கார்ந்த குற்றம்

சலவைக் கடையில் இஸ்திரி போடும் பெண்ணுக்கு ஒட்டடை என்று பெயர் வைத்தது அவளுடைய தாய்மாமன். "இவ கையை உயர்த்தினா கூரையில இருக்கிற ஒட்டடையை அப்படியே அடிச்சுடலாம், தனியாக் குச்சி வாங்கவே வேண்டாம்" என்று ஒருநாள் சொன்னார். சொன்னவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பதினெட்டு வயதுக்கு அவள் கொஞ்சம் அதிகமாகவே வளர்ந்திருந்தாள். உடம்பு வளர்ந்த வேகத்துக்குப் பேச்சு வளரவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அதனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகத்தைவிட அவள் வகிடுதான் நன்றாகத் தெரியும்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். காலையிலிருந்து நீராவிதான். காலர், கைப்பட்டி, தோள், முதுகு, பிறகு மடிப்பு. ஒரு சட்டை முடிந்தால் இன்னொரு சட்டை. பிற்பகலில் அவள் தலைமுடிக்கும் யாரோ இஸ்திரி போட்டது போல நெற்றியோடு ஒட்டிக் கிடக்கும்.

சாயங்காலம் அம்மா அழுக்குத் துணிகளை வெள்ளை தனி, சாயம் போகிறது தனி என்று பிரித்து ஊறப்போட உட்காருவாள். அந்த வேலையில் யாரும் குறுக்கே வந்தால் அவளுக்குப் பிடிக்காது. அந்த நேரம்தான் ஒட்டடைக்கு விடுதலை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் பூங்காவுக்கு ஓடுவாள். அங்கே அவளுக்கு முன்னாலேயே இரண்டு பேர் வந்திருப்பார்கள். ஒருத்தி தையல் கடையில் பொத்தான் கட்டுகிறவள். யாரும் திருகாமலே பாடிக்கொண்டிருப்பதால் அவள் பெயர் ரேடியோ. இன்னொருவன் சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் பம்பு. டயருக்குக் காற்றடித்தே மார்பு விரிந்துவிட்டது என்று அவனே சொல்லிக்கொள்வான். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அப்படி எதுவும் தட்டுப்படவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே விளையாட்டு. சலவைக் கடையில் காலியான சோப்புத்தூள் டப்பாவின் நீல மூடி. மணிக்கட்டைச் சுண்டி எறிந்தால் அது அவசரமே இல்லாமல் காற்றில் மிதந்து போகும். ஒட்டடை எம்பி அதைப் பிடிக்கும்போது மட்டும் தன் உயரத்துக்காக வருத்தப்பட மாட்டாள்.

இதைத்தான் பூங்கா நலச் சங்கத்தின் தலைவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தலைவர் எந்த அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்பது யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. தினமும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பூங்கா வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார். முதலில் அதில் 'பூக்களைப் பறிக்கக் கூடாது' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. மூன்று பேரும் புல்லில் உட்கார்ந்தார்கள். 'புல்லில் அமரக் கூடாது' வந்தது. எழுந்து ஓடினார்கள், 'ஓடக் கூடாது' வந்தது. நின்ற இடத்திலேயே மூடியை எறிந்து பிடித்தார்கள், பலகை எழுதுகிற ஓவியர் திரும்பவும் தூரிகையோடு வந்து, 'பறக்கும் பொருட்கள் கூடாது' என்று எழுதிவிட்டு, "அப்ப காக்கா என்ன பண்ணும்?" என்று தலைவரிடமே கேட்டார். பலகையில் இடம் குறையக் குறைய எழுத்தும் சின்னதாகி, கடைசி வரிகளைப் படிக்கக் குந்தி உட்கார வேண்டியிருந்தது. உட்காரக் கூடாது என்பதோ மேலேயே பெரிதாக இருந்தது.

தலைவர் மட்டும் தினமும் காலையில் அதே புல்லில் வெறுங்காலோடு நடப்பார். மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். மருத்துவர் சொல்லிப் புல்லை மிதித்தால் சிகிச்சை; வயசுப் பிள்ளைகள் தாமாகவே மிதித்தால் அட்டகாசம்.

விதியை யாராவது மீறினால் விசில் ஊத ஒரு காவலாளி இருந்தார். ஊதிவிட்டு அவரே வந்து மன்னிப்பும் கேட்பார்.

"என்னைத் தப்பா நினைக்காத பாப்பா. ஊதச் சொல்றாங்க, ஊதுறேன். நீ ஓடுறது எனக்கென்னமோ பார்க்க நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஊதாம இருங்கண்ணே" என்பாள் ரேடியோ.

"ஊதலைன்னா அவர் என்னைப் பார்ப்பாரே. அந்தப் பார்வையை நீ பார்த்ததில்ல."

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தில் சிரிப்பு வட்டம் தொடங்கியது. உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வயதானவர்கள் மாலையில் மரத்தடியில் வட்டமாக நின்று கையை மேலே தூக்கி 'ஹா ஹா ஹா' என்றும், கையைக் கீழே இறக்கி 'ஹோ ஹோ ஹோ' என்றும் சிரித்தார்கள். சிரிக்கக் காரணம் எதுவும் தேவையில்லை. சந்தா கட்டியிருந்தால் போதும்.

முதல் வாரமே தலைவருக்குப் பொறுக்கவில்லை.

"இவர் ஹா-வுல இருக்கார். அந்தம்மா ஹோ-வுக்குப் போயிட்டாங்க. நிறுத்தச் சொன்ன பிறகும் பின்னால யாரோ சிரிக்கிறாங்க. இது என்ன சிரிப்பா, சந்தையா? சிரிப்புன்னா ஒரு ஒழுங்கு வேணும்."

ஒழுங்கு விசில் வடிவத்தில் வந்தது. காவலாளி ஒருமுறை ஊதினால் எல்லோரும் 'ஹா', மறுபடி ஒருமுறை ஊதினால் 'ஹோ' என்று சிரிக்க வேண்டும். இரண்டு முறை சேர்த்து ஊதினால் சட்டென்று நிறுத்த வேண்டும். நாள் தவறாமல் பழகினார்கள். நடுவில் இருமல் வந்தவர்களைத் தலைவர் தனியாக நிறுத்தி மறுபடி சிரிக்க வைத்தார். கொஞ்ச நாளில், குழாயைத் திறந்து மூடுவது போல, ஊதினால் சிரிப்பு கொட்டியது, ஊதினால் நின்றது. தலைவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஒருநாள் வட்டம் கலைந்து ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பம்பு எறிந்த மூடியைப் பிடிக்க ஒட்டடை நாலு எட்டு ஓடிவிட்டாள். காவலாளி தலைவரின் பார்வையைப் பார்த்தார். ஊதினார்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு முட்டிவலி அம்மா இருந்தார். வேறு ஒரு அம்மாவிடம் மருமகள் தன்னை மதிப்பதே இல்லை என்று சொல்லிக் கண் கலங்கிக்கொண்டிருந்தார். விசில் கேட்டதும் அவர் கை தானாக மேலே போனது.

"ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கூடக் கேட்கிறதில்ல... ஹா ஹா ஹா!"

கேட்டுக்கொண்டிருந்த அம்மாவும், "அடக் கொடுமையே... ஹா ஹா ஹா!" என்றார். அந்தக் கோடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளுக்குப் பின்னாலிருந்தே சிரித்தார். அப்புறம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

ரேடியோ புல்லில் விழுந்து புரண்டாள். பம்புக்கு விக்கல் வந்துவிட்டது. ஒட்டடைகூட, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தமே வரவில்லை. ஆனால் அவ்வளவு உயரத்தில் குலுங்கினால் தூரத்திலிருந்தே தெரியும் அல்லவா? தலைவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் அவர் ஒரு மூட்டைச் சட்டைகளோடு கடைக்கு வந்தார். மூட்டையை மேசைமேல் வைத்தார். புகாரையும் வைத்தார்.

"உங்க பொண்ணு பெரியவங்களைப் பார்த்துச் சிரிக்கிறா."

"அவளா? வாயைத் திறந்து பேசவே மாட்டாளே சார்."

"பேசலை. சிரிச்சா. நான் என் கண்ணால பார்த்தேன். இந்த மூணு பேரும் அந்தப் பூங்காவை என்னன்னு நினைச்சிட்டிருக்காங்க?"

"பூங்கான்னுதான் நினைச்சிருப்பாங்க சார்" என்று அம்மாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் இவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குத் துணி போடுகிறார்கள். விழுங்கிவிட்டாள். அவர் போனதும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இங்க பாரு. இன்னும் ஒரு புகார், ஒரே ஒரு புகார் வந்துச்சு, சாயங்காலம் பூங்காவும் கிடையாது, தெருவும் கிடையாது. என்கூட உட்கார்ந்து அழுக்குத் துணி பிரிப்ப. புரியுதா?"

ஒட்டடை வகிட்டைக் காட்டினாள். புரிகிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவள் தலைவரின் சட்டைக் காலரை இஸ்திரி போட்ட வேகத்தில் மேசையே ஆடியது.

அதற்குப் பிறகு அவள் பூங்காவில் மூச்சுகூட அளந்துதான் விட்டாள். நடைபாதையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று காற்று வாங்கினாள். மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பம்பு பக்கத்தில் நின்றான்.

"துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குடி" என்றாள் ரேடியோ.

"வீட்டுக்குள்ள நிக்கிறதுக்கு இது தேவலை" என்றாள் ஒட்டடை. அவள் அந்த வாரம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஆனால் தலைவருக்கு அவர்கள் நிற்பதும் உறுத்தியது. 'இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மாலையில் பூங்காவுக்குள் வரவே கூடாது. அவர்கள் போடும் சத்தத்தில் மூத்தோரின் அமைதி கெடுகிறது' என்று நகர அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்பினார். நேரில் விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. காவலாளிதான் வந்து சொன்னார்.

"இந்தத் தடவை பலகை இல்ல பாப்பா. அந்தம்மா கையெழுத்துப் போட்டா வாசல்லயே நிறுத்திடுவாங்க. எதுவா இருந்தாலும் அன்னைக்கு வந்து உங்க பக்கத்தையும் சொல்லுங்க."

"நான் சொல்றேன்" என்றாள் ரேடியோ. "நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன் பாரு."

அதிகாரி வந்த அன்று மரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கத்தார் சலவை மடிப்புக் கலையாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மடிப்புகளில் பாதி ஒட்டடையின் கைவேலை. மூன்று பேரையும் புல்வெளி ஓரத்தில், நடைபாதையில் நிற்க வைத்திருந்தார்கள். அதிகாரி வெயிலில் வந்த களைப்போடு கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

தலைவர் எழுந்தார். குரலைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், இந்தப் பூங்காவோட உயிரே அமைதிதான். நாங்க வாழ்க்கை முழுக்க உழைச்சுக் களைச்சவங்க. இங்க வந்து நாலு நல்ல வார்த்தை பேசி, நிம்மதியாக் காத்து வாங்கிட்டுப் போறோம். இந்தப் பிள்ளைங்க அதைக் கெடுக்கிறாங்க. சத்தம், மேடம். காரணமே இல்லாத சத்தம்."

அதிகாரி திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ரேடியோ வாயைத் திறந்தாள். வரவில்லை. பேனா தன்னை நோக்கிக் காத்திருப்பதைப் பார்த்ததும் அவள் தொண்டையில் யாரோ திருகி மூடிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. "வந்து... நாங்க வந்து..." என்றாள். எங்கே வந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. பம்பு ஆகாயத்தைப் பார்த்தான். அங்கே படிக்க ஏதோ இருப்பது போல ரொம்ப நேரம் பார்த்தான்.

"சொல்றதுக்கு ஒன்னும் இல்லையா?" என்றார் அதிகாரி. கோப்பைப் பார்த்துப் பேனாவைத் தாழ்த்தினார்.

ஒட்டடை அந்தப் பேனாவையே பார்த்தாள். நாளையிலிருந்து சுவர் பார்த்த சன்னல் மட்டும்தான். பேசலாம் என்று பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு உயரம் வளர்ந்து என்ன பிரயோசனம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. எதிரில் காவலாளி நின்றிருந்தார். அவர் கழுத்தில் விசில் தொங்கியது. மரத்தடியில் சங்கத்தார் எல்லோரும், முட்டிவலி அம்மா உட்பட, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்கு ஒன்று தோன்றியது. கூடவே அம்மாவின் முகமும் தோன்றியது. விசில் ஊதினால் அது புகார். புகார் வந்தால் அழுக்குத் துணி. ஊதாவிட்டால் பூங்காவே இல்லை. எப்படிப் பார்த்தாலும் உதைதான். அப்படியானால் உட்கார்ந்தாவது வாங்குவோம் என்று முடிவு செய்தாள்.

நடைபாதையிலிருந்து ஓர் எட்டு வைத்தாள். புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

காவலாளி தலைவரைப் பார்த்தார். தலைவரின் புருவம் ஏறியது. காவலாளியின் கை பழக்கத்தில் விசிலைத் தேடி எடுத்தது. ஊதினார்.

"ஹா ஹா ஹா!" என்றது சங்கம்.

அத்தனை கைகளும் ஒன்றாக மேலே போயின. அதிகாரியின் பேனா கீழே விழுந்தது.

"ஏன்யா ஊதுன?" என்று தலைவர் சீறினார்.

"புல்லுல உட்கார்ந்துச்சு சார்."

"அதுக்கு இப்பவா? நிறுத்தச் சொல்லுய்யா! ஊது!"

இரண்டு முறை சேர்த்து ஊதினால்தான் நிற்கும். காவலாளிக்கு அவசரத்தில் மூச்சு போதவில்லை. ஒன்று ஊதினார், மூச்சு வாங்கினார், அப்புறம் இன்னொன்று ஊதினார். சங்கத்தைப் பொறுத்தவரை அது இரண்டு தனித்தனிக் கட்டளை. முதலாவதற்கு ஹா-விலிருந்து ஹோ-வுக்கு இறங்கினார்கள். இரண்டாவதற்குத் திரும்ப ஹா-வுக்கு ஏறினார்கள். முட்டிவலி அம்மா, "ஐயோ, நிக்கமாட்டேங்குதே" என்றார். அதைக் கேட்டுப் பக்கத்து அம்மாவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்து இன்னொருவருக்கு. செய்தித்தாள்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, பம்பு ஓடிப்போய்ப் பிடித்திருக்காவிட்டால் மல்லாந்திருப்பார்.

தலைவர் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் தானே எல்லோருக்கும் முன்னால் நின்று பழக்கியவர். உடம்புக்குத் தலைவர் என்று தெரியுமா என்ன? கன்னம் துடித்தது, தோள் ஆடியது, கடைசியில், "மேடம், இது வந்து, அமைதி... ஹோ ஹோ ஹோ!" என்று அவரும் கையை இறக்கிவிட்டார்.

அடங்குவதற்கு நேரம் ஆனது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைப் பொறுக்கினார்.

"ஐயா, காரணமே இல்லாத சத்தம்னு சொன்னீங்களே, அது இதுதானா?"

"இது சிரிப்புப் பயிற்சி மேடம்."

"சரி. நல்ல பயிற்சி. மனுவைத் திருப்பித் தர்றேன். சத்தம் போடுறது யாருன்னு தெளிவா எழுதி மறுபடி அனுப்புங்க." கோப்பை மூடிவிட்டு எழுந்தவர், ஒட்டடையைக் குனிந்து பார்த்தார். ஒட்டடையைக் குனிந்து பார்க்கும் வாய்ப்பு ரொம்பப் பேருக்குக் கிடைத்ததில்லை. "நீ ஏம்மா அங்க போய் உட்கார்ந்த?"

ஒட்டடை நிமிர்ந்தாள். "உட்காரணும் போல இருந்துச்சு மேடம்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

ரேடியோவும் பம்பும் அவளைத் தூக்கிச் சுற்ற முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்கள். ஒட்டடைக்கு மட்டும் சந்தோஷம் முழுதாக இறங்கவில்லை. பூங்கா தப்பித்தது. அவள் தப்பித்தாளா என்பது நாளைக் காலையில்தான் தெரியும்.

காலையில் கடை திறந்ததும் தலைவர் வந்துவிட்டார். கையில் மூட்டை இல்லை. புகார் மட்டும் இருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஒட்டடை இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு மூச்சைப் பிடித்தாள்.

"உங்க பொண்ணு நேத்து என்ன பண்ணா தெரியுமா?"

"என்ன சார் பண்ணா?"

"புல்லுல உட்கார்ந்தா."

அம்மா காத்திருந்தாள். "உட்கார்ந்து?"

"உட்கார்ந்து... உட்கார்ந்தா. அதிகாரி முன்னால."

"சத்தம் போட்டாளா?"

"இல்ல."

"சிரிச்சாளா?"

தலைவர் சட்டைப் பொத்தானைத் தடவினார். "அவ சிரிக்கல. நாங்கதான்... சிரிக்கிற மாதிரி ஆயிடுச்சு."

"நீங்களா?"

"எல்லாரும்."

"எதுக்கு சார் சிரிச்சீங்க?"

"விசில் ஊதுனாங்க."

அம்மா தலையைச் சாய்த்து, புரியாத கணக்கைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. அவ உட்கார்ந்தா. யாரோ விசில் ஊதுனாங்க. நீங்க சிரிச்சீங்க. இதுல நான் இப்ப யாரைக் கண்டிக்கணும்?"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருவில் ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்த விசில் ஊதினார். தலைவரின் வலது கை பாதி தூரம் மேலே போய்விட்டது. அதை இடது கையால் பிடித்து இறக்கிக்கொண்டு, "என் சட்டையெல்லாம் இனிமே வேற கடையில போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா உள்ளே வந்தாள். திரைச்சீலை விலகியபோது அவள் முகத்தில் கோபமா வேறெதுவுமா என்று ஒட்டடைக்குப் பிடிபடவில்லை.

"நல்ல வாடிக்கை போச்சு" என்றாள் அம்மா.

ஒட்டடை வகிட்டைக் காட்டினாள்.

"அந்தக் காலருக்கு நீ எவ்வளவு பாடுபடுவேன்னு எனக்குத் தெரியும். போனா போகுது. நேத்துப் போட்டிருந்த பாவாடை எங்க?"

கொடியில் கிடந்த வெளிர்நிறப் பாவாடையை எடுத்துத் தந்தாள். அம்மா அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பச்சையாகத் தீட்டியிருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். மோந்துகூடப் பார்த்தாள்.

"அறிவு இருக்கா உனக்கு? சலவைக் கடையில பிறந்து வளர்ந்தவதானே? புல்லுக்கறை இந்தத் துணியில லேசுல போகுமா?"

"தெரியாம..."

"தெரியாமலா உட்கார்ந்த? அந்த ஆளு இவ்வளவு தூரம் வந்து சொல்லிட்டுப் போறார், தெரியாமலாம்." பாவாடையை ஊறப்போடும் வாளியில் வீசினாள். "இன்னைக்குச் சாயங்காலம் அந்தக் கருப்புப் பாவாடையைக் கட்டிக்கிட்டுப் போ."